ஆலங்காட்டில் ஓர் இடம்: காரைக்கால் அம்மையார் வாழ்வு

தமிழில் வீடு என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்கிறது. சுவரும் கூரையும் உடைய உறைவிடமும் வீடு. பற்றனைத்தையும் விட்டபின் எய்தும் பேறும் வீடு. விடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது என்பர். ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்கே வாழ்நாளைச் செலவிடும் மாந்தர் ஒருபுறம். கட்டிய வீட்டை விட்டு வெளியேற வழி தேடும் மாந்தர் மறுபுறம். இவ்விரு திறத்தாரும் பல வேளைகளில் ஒருவரே என்பதுதான் வியப்பு.

நகரத்து மாடிவீட்டில் வாழ்பவர் நெஞ்சில் காட்டு நடுவே ஒரு சிறு மரக்குடில் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது. நம்மவர் அதனைப் பன்னசாலை என்றனர்; இராமகாதையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அச்சொல் அந்நியமன்று. மேலை நாட்டாருக்கும் இக்கனவு உண்டு. வட அமெரிக்காவில் 17ஆம் நூற்றாண்டில் டெலவேர் ஆற்றுப் பகுதியில் குடியேறிய சுவீடன், பின்லாந்து நாட்டார், மரத்துண்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பொருத்திச் சுவர் எழுப்பும் முறையைத் தம்முடன் கொண்டு வந்தனர். வறியவனின் உறைவிடமாக இருந்த அக்குடில் நாளடைவில் நேர்மையின் அடையாளமாயிற்று. 1840இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, வர்ஜீனியாவின் செல்வ மாளிகையொன்றில் பிறந்த அவரை மரக்குடிலின் மைந்தராகவே அவர் கட்சியினர் மக்கள்முன் நிறுத்தினர். மக்களும் அவரையே தேர்ந்தனர். சிறிய வீட்டிலிருந்து வந்தவன் பொய் சொல்லான் என்பது மாந்தரின் பழைய நம்பிக்கை.

1845ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஹென்றி டேவிட் தோரோ என்னும் எழுத்தாளர் வால்டன் ஏரிக்கரையில் தம் கையால் கட்டிய மரவீட்டிற்குக் குடிபுகுந்தார். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உடைய அவ்வீட்டிற்கு ஆன செலவு 28 டாலர் 12½ செண்ட் என்று அவரே கணக்கு எழுதி வைத்தார். இரண்டு ஆண்டு, இரண்டு திங்கள், இரண்டு நாள் அங்கே வாழ்ந்தார். அவ்வீட்டின் பலகைகளிற் பல, இருப்புப்பாதை வேலைக்கு வந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்து எடுத்தவை. விடியற்காலையில் அத்தொழிலாளியின் குடும்பம் தன் உடைமை முழுவதையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியேறியது. ஒருவர் விரும்பி அமைத்துக்கொண்ட எளிய இல்லம், மற்றொருவர் வேறு வழியின்றி வாழ்ந்து நீங்கிய எளிய இல்லத்தின் பலகைகளால் ஆயிற்று. இதனை மறைக்காமல் எழுதியது தோரோவின் பெருமை.

அவருக்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வீட்டை விட்டு நீங்குவது எவ்வாறு என்னும் வினாவை இதனினும் கடுமையாகக் கேட்டவர் ஒருவர் தமிழகத்தில் இருந்தார். மாளிகையை விட்டார், அதற்கு ஈடாகக் குடில் ஒன்றையும் அமைத்துக்கொண்டாரல்லர். அவர் வந்து சேர்ந்த இடம் நம் திருவாலங்காடு. அவரே காரைக்கால் அம்மையார்.

மாடத்தில் வளர்ந்த மகள்

அம்மையாரின் காலம் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. திருஞானசம்பந்தருக்கு அவர் முற்பட்டவர். அவருடைய வாழ்வைத் தொடர்ச்சியாக நமக்குச் சொல்பவர், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

கடல் வாணிகத்தாற் செழித்த காரைக்காலில் வணிகர் தலைவன் தனதத்தன். அவன் செய்த தவத்தால் தோன்றிய ஒரே மகள் புனிதவதி. பேசப் பழகிய நாள் முதலே அப்பெண்ணின் நாவில் சிவபெருமான் திருநாமம் பயின்றது. சிற்றில் இழைத்து விளையாடும் பருவத்திலும் அவ்வன்பே மேலோங்கியது. பின்னர், குலமரபுப்படி மனையின் வாயிலைக் கடந்து வெளியே செல்லலாகாத பருவம் வந்தது. அப்பருவத்தைச் சேக்கிழார் பெயர் சுட்டியே குறிக்கிறார். மணற்சிற்றில் கட்டித் திரிந்த சிறுமிக்கு மெய்யான இல்லம் அடைப்பாக மாறிய நாள் அது.

நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் பேசினர். மணம் காரைக்காலிலேயே நிகழ்ந்தது. மணமகள் கணவன் ஊருக்குச் செல்வதே முறை. ஆனால் ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தனதத்தன், தன் மனைக்கு அருகிலேயே மாடமாளிகை ஒன்றை அமைத்து, அளவற்ற பொருளும் கொடுத்து, மகளையும் மருகனையும் அங்கே இருத்தினான். பரமதத்தன் அப்பொருளை முதலாகக் கொண்டு வாணிகத்தை மேலும் வளர்த்தான்.

அன்பின் மிகுதியால் தந்தை செய்த ஏற்பாட்டைக் குறை கூற இயலாது. எனினும் புனிதவதியின் நிலையிலிருந்து இதனை நோக்க வேண்டும். பிறந்தது ஒரு மாளிகை. வாழப் புகுந்தது அதன் பக்கத்து மாளிகை. அவருடைய உலகின் நீளம் இரு வாயில்களுக்கு இடைப்பட்ட தொலைவே. அவ்வெல்லைக்குள் அவர் மனைக்கடன் எதிலும் வழுவவில்லை. அடியார் வந்தால் அமுதும், உடையும், வேண்டுவனவும் அளித்து மகிழ்ந்தார். வெளியே செல்ல இயலாத அவரை வெளியுலகம் அடியார் வடிவில் நாடி வந்தது எனலாம்.

இரு மாங்கனிகள்

ஒருநாள் பரமதத்தனைக் காண வந்த சிலர் இரு மாங்கனிகளைக் கொடுத்தனர். அவன் அவற்றை மனைக்கு அனுப்பினான். அவ்வேளையில் பசியால் வாடிய சிவனடியார் ஒருவர் மனைக்கு எழுந்தருளினார். சோறு பக்குவமாகியிருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. அடியாரின் பசியோ பொறுக்கத்தக்கதன்று. கணவன் அனுப்பிய கனிகளுள் ஒன்றை இட்டு அம்மையார் அமுது செய்வித்தார்.

நண்பகலில் உணவுக்கு வந்த பரமதத்தனுக்கு எஞ்சிய கனியைப் படைத்தார். அதன் சுவையில் ஈடுபட்ட அவன் மற்றதனையும் கேட்டான். அம்மையார் அதனைக் கொண்டு வருபவர்போல உள்ளே சென்று, மனமுருகி இறைவனை நினைந்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்ட பரமதத்தன், முன்னதனினும் மேம்பட்ட அச்சுவையால் ஐயுற்று, அது கிடைத்த வகையை வினவினான். நிகழ்ந்ததை மறைப்பதும் அறமன்று. இறைவனருளை வெளியிடுவதும் எளிதன்று. அவர் உண்மையையே உரைத்தார். நம்பாத அவன் அவ்வருளால் இன்னொரு கனியைத் தருமாறு கேட்டான். அவர் வேண்டினார், கனி வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது.

இக்காட்சியின் நுட்பம் அதன் அற்புதத்தில் மட்டும் இல்லை. அது நிகழ்ந்த இடத்திலும் உண்டு. கோயிலில் அன்று, மலைமுடியில் அன்று, ஒரு வீட்டின் அடுக்களைப் பக்கத்தில் இது நிகழ்ந்தது. அம்மனையில் தன் உரிமைக்கு உட்படாத பொருள் ஒன்றுமில்லை என எண்ணியிருந்தவன் கணவன். தன் மனையாளுக்கும் வேறொருவருக்கும் இடையே தான் அறியாத பேச்சு ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது என்பதை அவன் அன்று கண்டுகொண்டான். அவன் கொண்டது சினமன்று, அச்சம். அவரைத் தெய்வம் என்றே துணிந்தான். அன்றுமுதல் ஒரே கூரையின்கீழ் இருந்தும் தொடர்பின்றி ஒழுகினான்.

பின்னர்க் கலம் ஏறி வாணிகத்தின்பொருட்டுக் கடல் கடந்தான். பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவன் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டி நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இறங்கி, அங்கே வணிகன் ஒருவனின் மகளை மணந்து வாழ்ந்தான். பெண் மகவு பிறந்தபோது அதற்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். விட்டு ஓடியவனும் அப்பெயரை விட இயலவில்லை.

காரைக்கால் மாளிகையில் அம்மையார் இவை ஒன்றும் அறியாராய் மனையறம் வழுவாது இருந்தார். செய்தி தெரிந்த சுற்றத்தார், கணவனிடமே அவரைச் சேர்ப்பது கடன் என எண்ணிச் சிவிகையில் ஏற்றிப் பாண்டி நாட்டிற்கு அழைத்துச் சென்றனர். மூடுசிவிகையும் ஒரு சிறு வீடுதான். சுவரோடு கூடவே பெண்ணைச் சுமந்து செல்லும் வீடு. வருகையறிந்த பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் எதிர்வந்து, அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான். அவர் அருளாலேயே தான் வாழ்வதாகவும், குழந்தைக்கு அவர் பெயரையே இட்டதாகவும் கூறினான். அம்மையார் அஞ்சி ஒருபுறம் ஒதுங்கினார். மனைவியை வணங்குவது என்ன என்று சுற்றத்தார் திகைத்தனர். அவர் மானிடர் அல்லர் என்றும், அவர்களும் வணங்குவதே தகும் என்றும் அவன் விடையிறுத்தான்.

புனிதவதிக்கு இனி எங்கும் மனை இல்லை. தந்தையின் வீட்டிற்குத் திரும்பினால் கணவன் இருந்தும் கைவிடப்பட்டவர்; கணவன் வீட்டில் நின்றால் தெய்வம். வழிபடும் பொருளாக ஒருத்தியை உயர்த்துவதும் வாயிலுக்கு வெளியே நிறுத்தும் முறைகளுள் ஒன்று. இல்லாள் என்னும் சொல்லில் உள்ள இல் அவரளவில் அன்று இல்லை என்னும் பொருளையே தந்தது.

இறுதி மனை

அப்பொழுது அவர் செய்த வேண்டுதல் தமிழ் இலக்கியத்தில் நிகரற்றது. கணவனுக்காகத் தாங்கிய அழகுடைய தசைப்பொதியைக் கழித்து, இறைவன் திருவடியைச் சூழ்ந்து போற்றும் பேய்வடிவைத் தருமாறு அவர் கேட்டார். வேண்டியவாறே உடல் வற்றி என்புருவானார்.

சுவரை விட்டவர் பலர். செல்வத்தை விட்டவர் பலர். தோரோ ஊரை விட்டு ஏரிக்கரைக்குச் சென்றபோதும் அவர் தோரோவாகவே சென்றார். வேண்டியபோது ஊருக்கு நடந்து வந்து திரும்பவும் அவரால் இயன்றது. அம்மையாருக்கு அவ்வழி இல்லை. வணிகர் குலத்து இளம்பெண் ஒருத்தி தனியே காட்டிற்குச் சென்று குடில் கட்டி வாழ்வதை அக்காலத்துச் சமுதாயம் ஒப்பியிராது. அவருடைய உடலே அவரைச் சூழ்ந்த கடைசி மனை. அதன் அழகே அதன் பூட்டு. அப்பூட்டை அவர் கழற்றினார். இதனைத் தன்வெறுப்பு என்று கொள்வார் உளர். எனினும் யாருக்காக அவ்வழகைச் சுமந்தாரோ அவனே அதனை வேண்டாதபோது, அதனைச் சுமக்கும் கடனிலிருந்து விடுபட்டார் என்று கொள்வதே கதையின் போக்கிற்குப் பொருந்தும்.

அவருடைய கவிதை ஊற்று திறந்ததும் இவ்விடத்திலேயே எனச் சேக்கிழார் அமைத்துள்ளமை கவிஞர்கள் கருதத்தக்கது. உருவம் மாறிய அப்பொழுதே அற்புதத் திருவந்தாதி பிறந்தது; அதனையடுத்துத் திருஇரட்டை மணிமாலை. முன்னது 101 வெண்பாக்கள் கொண்டது. ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வரும் அந்தாதி. பின்னது வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வரும் 20 பாடல்கள். திருவாலங்காட்டுத் திருப்பதிகங்கள் இரண்டும் 22 பாடல்கள். ஆக 143 பாடல்களும் பதினொராம் திருமுறையில் இடம் பெற்றுள்ளன. தமிழில் கிடைக்கும் பத்திப் பாடல்களுள் இவை மிகப் பழையவற்றைச் சார்ந்தவை. சம்பந்தரும் பின்வந்தோரும் பதிகம் பாடுமுன் பதிகம் பாடியவர் இவர். அதனாலேயே அவை மூத்த திருப்பதிகங்கள் எனப் பெயர் பெற்றன. முதற்பதிகம் நட்டபாடைப் பண்ணிலும், இரண்டாவது இந்தளப் பண்ணிலும் அமைந்தவை.

கயிலையைக் காணப் புறப்பட்ட அம்மையார், இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்பது வரலாறு. எதிர்வரும் என்புக்கூட்டைக் கண்டு உமையம்மை வியப்ப, தம்மைப் பேணும் தாய் அவர் என்று இறைவன் விளக்கினான். அவரை அம்மையே என்று அழைத்தான். பெற்றோரும் சுற்றமும் கொடுத்த பெயர்களெல்லாம் கழிந்தபின் அவருக்குக் கிடைத்த உறவுப்பெயர் அது. மகப்பேறு அறியாத அவர் தாயானார்.

என்ன வேண்டும் என்று இறைவன் கேட்டபோது அவர் வேண்டியவை எளியவை. இறவாத அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், பிறக்க நேரின் அவனை மறவாமை வேண்டும், அவன் ஆடும்போது அடியின்கீழ் மகிழ்ந்து பாடிக்கொண்டு இருக்க வேண்டும். அனைத்தையும் விட்ட ஒருவர் இறுதியில் கேட்டதும் ஓர் இடமே. மாந்தர்க்கு இடமின்றி இயலாது போலும். ஆயின் அவர் கேட்ட இடத்திற்குச் சுவர் இல்லை, வாயில் இல்லை, உரிமைப் பத்திரம் இல்லை. அவ்விடம் தென்திசையில் உள்ளது என இறைவன் காட்டிய ஊர் திருவாலங்காடு.

காடு என்னும் வீடு

ஆலமரக் காடு ஆதலின் ஆலங்காடு. அதனையே வடமொழியில் வடாரண்யம் என்றனர். இறைவன் பெயர் வடாரண்யேசுவரர், அம்மை வண்டார்குழலி. ஐம்பெரும் சபைகளுள் இது இரத்தினசபை. காளியோடு வாதாடிக் காலை மேலே தூக்கி ஆடிய தாண்டவம் இவ்வூருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. இன்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்குவோர்க்கு ஆலங்காடு பெயரளவில்தான் எதிர்ப்படும். கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலையும் ஊரின் இன்றைய முகம். அம்மையார் கண்ட காட்டை அறிய விரும்புவோர் அவருடைய பதிகங்களுக்குள்ளேதான் செல்ல வேண்டும்.

அக்காடு அழகிய காடன்று. கள்ளியும் சூரையும் ஈகையும் எட்டியும் இலவமும் மண்டிய சுடுகாடு. வாகை நெற்றுகள் காற்றில் ஒலிக்கின்றன. நரியும் ஆந்தையும் கூகையும் திரிகின்றன. அணையும் ஈமத்தீயில் பேய்கள் கூடுகின்றன. விடுமுறைக்குச் சென்று இளைப்பாறும் காட்டை எதிர்பார்ப்பவர்க்கு இங்கே ஒன்றுமில்லை. ஆயினும் முதற்பதிகத்துப் பாடல்கள் அச்சுடுகாட்டையே தம் தந்தையின் இருப்பிடமாகச் சுட்டி முடிகின்றன. ஊரார் அஞ்சி விலகும் புறங்காடு ஒரு மகளுக்குத் தந்தை வீடாகிறது. காரைக்காலில் தனதத்தன் கட்டிக்கொடுத்த மாளிகைக்கு எதிரிடையாக இதனை வைத்து நோக்கினால் அம்மையார் கடந்துவந்த தொலைவு புலனாகும்.

அப்பதிகத்தில் ஒரு காட்சி நெஞ்சை உருக்குவது. பேய்த்தாய் ஒருத்தி தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு வளர்க்கிறாள். மேனிப் புழுதியைத் துடைத்துப் பாலூட்டுகிறாள். பின் எங்கோ போய்விடுகிறாள். தாயின் வரவைக் காணாத பிள்ளை அழுது அழுது உறங்கிப் போகிறது. பெயரிடுதல், துடைத்தல், ஊட்டல், காத்திருத்தல் ஆகிய மனைவாழ்வின் செயல்கள் அனைத்தும் இங்கே சுடுகாட்டு வெளியில் நிகழ்கின்றன. கூரையை விட்டவர் பரிவை விட்டாரல்லர். துறவு இதயத்தை உலர்த்தும் என்பார்க்கு இப்பாடல் ஒன்றே போதிய மறுமொழி.

இவ்வூரை ஒட்டிய பழையனூரில் வழங்கும் நீலி கதையையும் ஈண்டு நினைத்தல் தகும். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க எண்ணிய பேய் ஒன்று, பெண்ணுருக் கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று வழக்குரைத்தது. அவன் அஞ்சி மறுத்தான். ஊர் வேளாளர் எழுபதின்மர் அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்கி, இருவரையும் ஒரு மனையில் இரவு தங்கச் செய்தனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்கினர். ஒரே வட்டாரத்தின் இரு பேய்க்கதைகள் இவை. இரண்டிலும் கணவன் வணிகன்; இரண்டிலும் அவன் மனைவியைக் கண்டு அஞ்சுகிறான். ஆனால் பூட்டிய மனைக்குள் அடைபட்ட பேய் உயிரை வாங்கியது. மனையை விட்டு வெளியேறிய பேய் எவருக்கும் தீங்கு செய்யாது பாடிக்கொண்டிருந்தது. இவற்றை அருகருகே வைத்துக் காத்து வந்த நாட்டார் அறிவு சிறியதன்று.

அம்மையார் தலையால் நடந்த ஊரைத் தாம் காலால் மிதிக்கலாகாது என்று சம்பந்தர் ஊருக்குள் வாராது அருகிலே தங்கினார் என்றும், கனவில் இறைவன் நினைவூட்டப் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறும். எந்த மனைக்கும் உரிமை கோராத பெண்ணுக்கு ஊர் முழுவதுமே உரிமையாயிற்று.

பின்னர் எழுந்த வீடு

இனி, ஆராய்ச்சியாளர் சுட்டும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. அம்மையாரின் 143 பாடல்களில் புனிதவதி என்னும் பெயர் இல்லை. தனதத்தன் இல்லை, பரமதத்தன் இல்லை, மாங்கனி இல்லை, மாளிகையும் இல்லை. அவர் தம்மைக் குறிக்கும் பெயர் காரைக்கால் பேய் என்பதே. ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் உடன் கொண்டு வந்தார். வீடும் கணவனும் கனியும் சில நூற்றாண்டுகளுக்குப்பின் சேக்கிழார் வழியாகவே நமக்கு விரிவாகக் கிடைக்கின்றன.

இதனால் கதையின் மதிப்புக் குன்றுமோ? அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதற்கு விளக்கம் தரும். 1809இல் கென்டக்கி மாநிலத்து மரக்குடில் ஒன்றில் ஆபிரகாம் லிங்கன் பிறந்தார். அவர் பிறந்த இடத்தில் கருங்கல் மண்டபம் எழுப்பி, 1911இல் அதனைத் திறந்து, உள்ளே ஒரு சிறு மரக்குடிலை வைத்துப் போற்றினர். 2004இல் அம்மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஆய்ந்தபோது, அவை லிங்கன் பிறந்து பல ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்டவை எனத் தெரிந்தது. அது அவர் பிறந்த குடிலன்று. எனினும் மக்கள் அங்குச் செல்வதை நிறுத்தவில்லை. உயர்ந்த ஒருவர் எந்தச் சிறிய வாயிலின் வழியே உலகிற்கு வந்தார் என்பதைக் கண்ணால் காண அவர்கள் விழைகின்றனர்.

லிங்கனுக்கு மக்கள் அமைத்தது அவர் புறப்பட்ட சிறுகுடில். அம்மையாருக்குச் சேக்கிழார் அமைத்தது அவர் துறந்த பெருமாளிகை. துறந்தவரின் பெருமையை உணர, துறந்தது இன்னது என்று நமக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அம்மாளிகையைக் கட்டும்போது சேக்கிழார் அதன் கதவுகள் ஒரு பெண்ணை எவ்வாறு அடைத்தன என்பதையும் உடன் காட்டினார். பரமதத்தனைத் தீயவனாக்கவில்லை, சுற்றத்தாரைக் கொடியவராக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் கடனைச் செய்தனர். அக்கடன்களின் நடுவே ஒரு பெண்ணுக்கு நிற்க இடமில்லாமற் போயிற்று. பெரியபுராணத்துச் சோகம் இதுவே.

இன்றும் காரைக்காலில் ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழாவில் அடியாரும் மக்களும் கனிகளை வீசி மகிழ்கின்றனர். அது அவருடைய மனைவாழ்வின் விழா. திருவாலங்காட்டில் பங்குனிச் சுவாதியன்று கொண்டாடப்படுவது அவர் அடைந்த வீட்டின் விழா. அவருக்கு ஊர் இரண்டு, விழா இரண்டு. ஒரு சொல்லின் இரு பொருள்போல.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில் கவிஞர்கள் இவ்வரலாற்றை நினைப்பது பொருத்தமுடையது. எழுதுவதற்கு அமைதியான ஓர் அறையும், தோப்பு நடுவே ஒரு குடிலும் வேண்டுமென்று நம்மில் விரும்பாதவர் இலர். அவ்விருப்பம் தவறன்று. நம் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம், தொலைவூர்களிலிருந்து வந்து ஒரே அறையில் பலராய் ஒண்டி வாழும் தொழிலாளரைக் காணும்போது, விரும்பிய எளிமையும் விதிக்கப்பட்ட எளிமையும் வேறு என்பது தெளிவாகும். இடமற்றோரின் குரல் எங்கிருந்து எழும் என்னும் வினாவுக்கு அம்மையாரின் பாடல்கள் விடை கூறுகின்றன. பாடுவதற்கு இடம் கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. இடம் பறிபோன கணத்திலேயே பாடத் தொடங்கினார்.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில், ஆடும் பெருமானின் அடியருகே என்பு தெரிய அமர்ந்திருக்கும் அவரைக் காணலாம். நியூயார்க் மாநகர அருங்காட்சியகத்தில் உள்ள சோழர்காலச் செப்புத் திருமேனியிலும் அவர் கையில் தாளம் உண்டு; வற்றிய முகத்தில் முறுவல் உண்டு. பின்னே சுவர் இல்லை. மேலே கூரை இல்லை. திருவாலங்காட்டில் பெருமான் மேலே தூக்கிய திருவடி ஒன்றே அவருக்கு நிழல். அந்நிழலில் அமர்ந்து அவர் தாளம் இட்டுக்கொண்டிருக்கிறார்.